கேஸ் தோங்: விலையைக் கேட்கிறோம், எடையைக் கேட்கிறோமா?

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு. 12 கிலோ என்றால் 22 வெள்ளி 80 காசு, 10 கிலோ 19 வெள்ளி. மூன்றையும் வகுத்துப் பாருங்கள், ஒரே கணக்குத்தான் வரும்: கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருப்பது இந்தக் கிலோ விலையைத்தான். மீதிச் செலவை மானியமாக அரசாங்கமே ஏற்கிறது. ஆகவே உங்களுக்குச் சேர வேண்டியது முழு 14 கிலோ கேஸ். ஒன்றரைக் கிலோ குறைவாக வந்தால், 26 வெள்ளி 60 காசே கொடுத்திருந்தாலும் 2 வெள்ளி 85 காசு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

இந்த மானியத்துக்கு விண்ணப்பம், பதிவு எதுவும் கிடையாது. மைகாட்டும் காட்ட வேண்டாம். மானியம் பொருளுக்கே கொடுக்கப்படுவதால், வீட்டுச் சமையலுக்கு வாங்குகிற எவருக்கும் இதே விலைதான். கடையிலிருந்து லயத்துக்கோ தாமானுக்கோ மோட்டாரில் கொண்டுவந்து இறக்கினால் அதற்குக் கூலி கேட்பார்கள். கேட்கட்டும், ஆனால் கேஸ் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். தோட்டக்கடையில் கணக்குப் புத்தகத்தில் ஏற்றி மாதக் கடைசியில் கட்டுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘கேஸ் 32’ என்று ஒரே வரியாக எழுதிவிட்டால் அதில் எது விலை, எது கூலி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தோங்கில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி, அதாவது திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. திரெங்கானு கடலுக்கடியிலிருந்து எடுக்கிற எரிவாயு குழாய் வழியாகக் கெர்த்தே ஆலைகளுக்கு வருகிறது. அங்கே தண்ணீர், பாதரசம், கரியமில வாயு ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கடுமையாகக் குளிர வைக்கிறார்கள். புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 டிகிரியிலும், பியூட்டேன் ஏறக்குறைய சுழியத்திலும் திரவமாகிவிடும். மீத்தேன் அந்தக் குளிருக்கெல்லாம் மசியாது, வாயுவாகவே நிற்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மலாக்கா போன்ற இடங்களில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் எல்பிஜி கிடைக்கிறது.

தீபகற்பம் முழுக்க 2,500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிற பெரிய எரிவாயுக் குழாயில் போவது மீத்தேன். மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அது போகிறது. பேராவைக் கடந்தும் அந்தக் குழாய் போகிறது, ஆனால் நம் அடுப்புக்கு வருகிற கேஸ் அதில் வருவதில்லை. எல்பிஜியை அழுத்தத்தில் திரவமாகவே பெரிய உருண்டைத் தொட்டிகளில் சேமித்து, டேங்கர் லோரியில் நிரப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், தோங்கில் அடைத்து, மொத்த வியாபாரி வழியாகக் கடைக்கு அனுப்புகிறார்கள். நிரப்பு நிலையத்தில் ஒவ்வொரு தோங்கும் தராசின் மீது நின்றுதான் நிரம்புகிறது. அதற்குப் பிறகு உங்கள் வாசல்வரை வருகிற வழியில் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கடைசி எடையை நீங்கள் பார்க்கலாம், அரிய வித்தை ஒன்றுமில்லை. தோங்கின் கழுத்தைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையில் வெற்று எடையைப் பொறித்தோ பெயின்டில் எழுதியோ வைத்திருப்பார்கள். தோங்குக்குத் தோங்கு அது மாறும். எடுத்துக்காட்டுக்கு 15.2 என்று இருந்தால், அதோடு 14 சேர்த்து 29.2 கிலோ இருக்க வேண்டும். குளியலறைத் தராசு வீட்டில் இருந்தால் கெட்டியான சிமெண்டுத் தரையில் அதை வைத்து, மேலே தோங்கை நிமிர்த்தி வையுங்கள். அந்தத் தராசுகள் அரைக் கிலோ முன்னே பின்னே காட்டும், அதைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் கேட்க வேண்டியதுதான். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் உள்ள தராசு இன்னும் சரியாகக் காட்டும்.

நிறுக்கும் முன் தோங்கின் வாயைப் பாருங்கள். வால்வின் மேல் பிளாஸ்டிக் மூடியும் சீலும் உடையாமல் இருக்க வேண்டும். சீல் கிழிந்திருந்தாலோ, வேறு கம்பெனியின் மூடி போட்டிருந்தாலோ, கையில் திருகி ஒட்டியது போல் இருந்தாலோ அந்தத் தோங்கை வாங்காதீர்கள். மானியத் தோங்கிலிருந்து கேஸை உறிஞ்சி, மானியமில்லாத 50 கிலோ தொழிற்சாலைத் தோங்கில் ஏற்றி விற்கிற கும்பல்களை அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். மானியம் இல்லாத கேஸின் விலை இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் அந்தத் திருட்டில் நல்ல லாபம். உறிஞ்சிய தோங்கு அரைகுறையாகச் சந்தைக்குத் திரும்பும்போது நட்டம் ஒரு வீட்டின் தலையில் விழுகிறது. திருட்டோடு ஆபத்தும் சேர்ந்து வருகிறது. நிரப்பு நிலையத்தில் திரவத்தை எண்பது விழுக்காட்டுக்கு மேல் விடமாட்டார்கள், வெயிலில் திரவம் விரிய மேலே இடம் வேண்டும். கொட்டகையில் தராசு இல்லாமல் குழாய் மாட்டி நிரப்புகிறவனுக்கு அந்த இடத்தைப் பற்றி என்ன கவலை?

தோங்கு சீக்கிரம் தீர்ந்தால் உடனே கடைக்காரரைக் குறை சொல்லிவிடவும் கூடாது. வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய கால் கிலோ எரிக்கும். ஒரு பர்னர் கணக்கில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எரித்தால் 14 கிலோ ஐந்து வாரத்துக்குக் குறையாமல் வரவேண்டும். மூன்றே வாரத்தில் தீர்ந்தால் முதலில் ரப்பர் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்து பானைக்கு அடியில் கரி பிடித்தால் பர்னரின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, கேஸ் வீணாகிறது. பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி உலரவிட்டால் நீலத் தீ திரும்பும்.

வியாபாரிகளுக்கான விதி வேறு. 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழுள்ள விதிமுறைகள் 2021-இல் திருத்தப்பட்டன. அதன்படி, ஒரே நேரத்தில் 42 கிலோவுக்கு மேல் எல்பிஜி வைத்துப் பயன்படுத்துகிற வியாபாரத்துக்குக் கட்டுப்பாட்டுப் பொருளுக்கான பெர்மிட் வேண்டும். 42 கிலோ என்பது 14 கிலோ தோங்கு மூன்று. நான்காவது தோங்கைக் கடைக்குள் உருட்டும்போது நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். இச்சட்டத்தை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் என்றால் அபராதம் 20 லட்சம் வரை போகும்.

2025 மே 1-ஆம் தேதி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு ‘ஓப்ஸ் கசாக்’ என்ற சோதனை நடவடிக்கையைத் தொடங்கியபோது ரொட்டி சானாய்க் கடைகள், ஒட்டுக்கடைகள், பாசார் மாலாம் வியாபாரிகள் எல்லாரும் கலங்கிப் போனார்கள். அந்தக் கலக்கம் நியாயமானது. கிலோ விலை இரண்டு மடங்கானால் இரண்டு வெள்ளி ரொட்டியில் எதை மிச்சம் பிடிப்பது? ஜூன் மாதத்தில், சிறு உணவு வியாபாரிகள் மானிய கேஸைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், விதியும் திருத்தப்படும் என்று அமைச்சு அறிவித்தது. இருந்தாலும், நான்காவது தோங்கு தேவைப்படுகிற கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கி அடுக்காமல், வியாபார லைசென்ஸோடு அமைச்சின் கிளை அலுவலகத்துக்குப் போய்த் தம் கடை எந்த வகையில் சேரும், பெர்மிட் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பேராவுக்கு மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது.

கடைகளில் தோங்குகள் பெருகுவதற்கு ஆசை காரணமில்லை. திரவம் ஆவியாக மாற வெப்பம் வேண்டும், அதைத் தோங்கின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் அது எடுக்கும். பெரிய அழுத்த அடுப்பு மணிக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ இழுத்தால் 14 கிலோ தோங்கால் அந்த வேகத்துக்கு வெப்பம் திரட்ட முடியாது. வெளியே முதலில் வியர்க்கும், அப்புறம் அடியில் வெள்ளையாக உறைபனி படரும், தீ குறையும். ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று நினைத்துத் தோங்கைக் கழற்றிவிடுவார்கள், உள்ளே பாதி கிடக்கும். சிலர் கொதிநீர் ஊற்றுவார்கள், சிலர் படுக்கப் போட்டு உருட்டுவார்கள். இரண்டும் கூடவே கூடாது. சூடுபட்டால் உள்ளழுத்தம் ஏறும். படுக்கப் போட்டால் வாயு போக வேண்டிய வழியில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும், அடுப்பில் ஆளுயரத் தீ எழும். அதற்குச் சரியான வழி, இரண்டு தோங்குகளை ஒரே குழாயில் இணைத்து இழுப்பைப் பங்கிடுவது. அந்த இணைப்பைத் தகுதிபெற்ற கேஸ் தொழிலாளி போட வேண்டும். கடைக்காரரே டேப் சுற்றிப் போடுகிற வேலை அல்ல இது.

வீட்டில் தோங்கை எங்கே வைப்பது? எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். லயத்து வீட்டுச் சமையலறையிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற சாக்கடை வாய், அடுப்பு மேடைக்குக் கீழே கதவு போட்ட அறை, சாமி விளக்கு எரிகிற மூலை, இவற்றில் எதுவும் தோங்குக்கு ஏற்ற இடமில்லை. சுவருக்கு வெளியே, நிழலில், தரை சற்று உயர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, ஹோஸை உள்ளே கொண்டுவருவது நல்லது. ஹோஸும் ரெகுலேட்டரும் சிரிம் முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். ஹோஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்வார்கள். செம்பனைக்காட்டை ஒட்டிய வீடுகளில் எலி அதற்கு முன்பே ஹோஸைக் கடித்துவிடும், அதனால் மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.

புதுத் தோங்கு மாட்டியதும் சோப்புத் தண்ணீரை வால்வு, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனை எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி பூத்தால் கசிகிறது. ரெகுலேட்டரைத் திறந்த உடனே ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வால்வின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கும். நூல் சுற்றியோ சவ்வு ஒட்டியோ அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மூடிவிட்டு, தோங்கை வெளியே எடுத்து, கடைக்காரரை அழைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முட்டைக்கோசு அழுகினது போன்ற நாற்றம் வீட்டுக்குள் வந்தால் விளக்கு ஸ்விட்சையும் காற்றாடியையும் தொடாதீர்கள். எரிவதை அணைக்கவும் வேண்டாம், அணைந்திருப்பதைப் போடவும் வேண்டாம், பொறி இரண்டிலும் தெறிக்கும். எரிகிற அடுப்பை மட்டும் மூடி, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியேற்றி, தூரத்தில் நின்று 999-க்கு அழையுங்கள், போம்பா வரும். அந்த நாற்றம் கேஸுக்கு இயல்பாக உள்ளதல்ல. கசிவு மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலக்கிறார்கள்.

எடைக் குறைவுக்கோ கூடுதல் விலைக்கோ புகார் செய்ய 1-800-886-800 என்ற அமைச்சின் எண்ணும், ‘ஈசி அடு’ செயலியும் இருக்கின்றன. கடையின் பெயர், முகவரி, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, ரசீதின் படம், கழுத்துப் பட்டையில் உள்ள வெற்று எடையின் படம், தராசு காட்டும் எண்ணின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரர் ரசீது தர மறுத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். மிக முக்கியம், சந்தேகப்பட்ட தோங்கை அடுப்பில் மாட்டாமல், சீலைக் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். ஒரு வேளைச் சோறு அதில் வடித்துவிட்டால்கூட, எடை குறைந்தது யாரால் என்று அதிகாரியால் சொல்ல முடியாது.