வேலிக்காலைப் பிடுங்குமுன் சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்

டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் பண்ணை வேலைகளை எடுத்துச் செய்வதும்தான் என் தொழில். உழவுக்கும் டிரெய்லருக்கும் பாதுகாப்பு பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள்கூட, பழைய மர வேலிக்கால் பிடுங்குவதற்கு எதுவும் கேட்பதில்லை. "சங்கிலியைப் போட்டு ஒரு இழு இழுத்தா வந்துடும்" என்று இறங்கிவிடுகிறார்கள். எனக்குப் பயமே அந்த ஒரு இழுப்பில்தான்.

ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தம்பி நான்கு கால்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார். ஐந்தாவது அசையவில்லை. உயரத்தில் மாட்டினால் மேல்நோக்கி இழுக்கும் என்று நினைத்து, சங்கிலியை டாப் லிங்க் (பின்னால் மாட்டும் கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்தில் கட்டியிருந்தார். முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார். முன்சக்கரம் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிட்டன. நான் நின்ற இடத்திலிருந்து இன்ஜினின் அடிப்பாகம் தெரிந்தது. நல்லவேளை, அந்த வேலிக்கால் மண்மட்டத்தில் மளுக்கென்று முறிந்தது. டிராக்டர் தடாலென்று கீழே இறங்கியது. தம்பி ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவரைக் காப்பாற்றியது அந்த மரத்தின் உளுப்பு.

ஏன் இப்படி ஆகிறது? இன்ஜின் பின் ஆக்சிலைச் சுழற்றப் பார்க்கிறது. சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு, பின்னால் சங்கிலியும் விட்டுக்கொடுக்காமல் பிடித்தால் சக்கரம் சுழல வழியில்லை. அப்போது அந்த முறுக்கு டிராக்டரின் உடம்பையே ஆக்சிலைச் சுற்றித் திருப்புகிறது, முன்பக்கம் மேலே எழுகிறது. சங்கிலி ஆக்சிலுக்கு மேலே கட்டப்பட்டிருந்தால் அந்த இழுப்பும் சேர்ந்துகொண்டு டிராக்டரைப் பின்னால் கவிழ்க்கும். கீழே டிராபாரில், அதாவது டிரெய்லர் மாட்டும் தாழ்வான கம்பியில், மாட்டியிருந்தால் கதை வேறு. முன்பக்கம் எழ எழ டிராபார் தாழும், கவிழ்க்கும் நெம்பு குறையும். அதனால், எதையாவது இழுப்பதாக இருந்தால் டிராபாரில் மட்டும்தான். ஆக்சிலில் சுற்றுவது, டாப் லிங்கில் மாட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

முன்பக்கம் எழுந்தால் கிளட்சை மிதித்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். டிராக்டர் மல்லாக்கப் புரள ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும். முக்கால் நொடி தாண்டினால் கிளட்சை மிதித்தும் பயனில்லை. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் கிளட்சுக்குப் போவதற்கே கிட்டத்தட்ட அந்த நேரம் ஆகிவிடும். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு) இருக்கிற வண்டியா? அதை நிமிர்த்திப் பூட்டுங்கள், சீட் பெல்ட்டைப் போடுங்கள். புது டிராக்டர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு அமைப்பு கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. மரத்தடியில் நுழைய ரோல் பாரை மடக்கிவிட்டு, அப்படியே மறந்துபோகிற ஆட்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

சரி, எப்படித்தான் எடுப்பது? என் பதில் ஒன்றுதான்: இழுக்காதீர்கள், தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கால் வராது, முறியும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது மண்மட்டத்தில், பூஞ்சை மரத்தைத் தின்பதும் அங்கேதான்.

முதலில் கம்பியை எடுத்துவிடுங்கள். விறைப்பாக இருக்கும் முள்கம்பியை வெட்டினால் சுருண்டு முகத்துக்கு வரும். இழுவையைத் தளர்த்திய பிறகு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். முதல் நாளே வேலிக்காலைச் சுற்றிக் கடப்பாரையால் கிளறித் தண்ணீர் ஊற்றிவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நிலத்தடியில் மின்கேபிளோ குழாயோ போகிறதா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிராக்டரின் முன்னால் பக்கெட்டோடு மாட்டும் லோடர் இருந்தால் நல்லது. பக்கெட்டைக் காலுக்கு நேர்மேலே கொண்டுபோய், குட்டையான சங்கிலியால் காலின் அடியில் சுருக்குப் போட்டு, ஹைட்ராலிக்கால் மெதுவாக நேராகத் தூக்குங்கள். பிடுங்கிய காலைத் தொங்கவிட்டபடி உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். சங்கிலி வழுக்கினால் அது ஓட்டுநர் மேல்தான் வரும். லோடர் இல்லையென்றால், பின்னால் கருவிகளைத் தூக்கும் கீழ் ஆர்ம் இரண்டுக்கும் நடுவே குறுக்குக் கம்பி போட்டு அதில் சங்கிலியை மாட்டலாம். கால் கம்பிக்கு நேர்கீழே இருக்கும்படி வண்டியைப் பின்னால் கொண்டுவந்து, நியூட்ரலில் பிரேக் பூட்டி, லிஃப்டை மட்டும் இயக்குங்கள். அந்த நேரத்தில் டிராக்டர் ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது. அந்த ஆர்ம் இருப்பது தூக்குவதற்கு, இழுப்பதற்கு அல்ல. முன்சக்கரம் லேசாவது போலத் தெரிந்தால் இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் மண்ணைத் தோண்டுங்கள்.

காலுக்குப் பக்கத்தில் பழைய சக்கர ரிம்மை நிற்கவைத்து, அதன் மேல் சங்கிலியைப் போட்டு டிராபாரால் இழுக்கிற வழியும் உண்டு. மேல்நோக்கித்தான் இழுக்கும், ஆனால் ரிம் சறுக்கினால் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. நான் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன்.

நைலான் கயிற்றை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது ரப்பர் மாதிரி நீண்டு சக்தியைச் சேர்த்துவைத்து, அறுந்ததும் சாட்டையாய் வந்து அடிக்கும். சங்கிலியிலும் நீண்டுபோன கண்ணி, வெல்டிங் வைத்த கண்ணி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மாட்டுகிறவர் ஒதுங்கி, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து நின்ற பிறகுதான் லீவரைத் தொட வேண்டும். சங்கிலி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் வேண்டாம், குழந்தைகள் கட்டாயம் வேண்டாம்.

பிடுங்கிய மரத்தை அடுப்புக்கு எடுத்துப்போகாதீர்கள். பச்சை நிறம் ஏறிய பழைய கால்கள் பலவற்றில் செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். குழிகளை அன்றே மூடிவிடுங்கள், மாட்டின் கால் அதற்குள் போனால் முறிந்துவிடும்.

அன்று முறிந்த காலின் அடிக்கட்டையை அந்தத் தம்பியும் நானும் சேர்ந்து எடுத்தோம். பக்கத்தில் ஒரு முழம் தோண்டி, கட்டைக்குக் கீழே சங்கிலியைச் சுற்றி, டிராக்டரை நிறுத்திவைத்து லிஃப்டால் தூக்கினோம். மேலே உதிர்ந்த இடத்துக்கு நான்கு விரல் கீழே மரம் புதிது போல வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. தம்பி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவராகவே போய், டாப் லிங்கில் தொங்கிய கொக்கியைக் கழற்றிக் கொண்டுவந்தார்.