அலுமினிய ரோட் பைக்: அதிர்வு எங்கிருந்து வருகிறது, எதை மாற்றினால் குறையும்?

அலுமினிய ரோட் பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வைத்திருக்கும் எல்லோரும் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்: “அலுமினியம் முரட்டு வண்டி, உடம்பை உலுக்கி எடுத்துவிடும். ஸ்டீலுக்கு மாறு, இல்லையென்றால் கார்பன் வாங்கு.” கேட்டுக் கேட்டு நம்மில் பலர் அதை நம்பியும் விட்டோம்.

ஆனால் உலோகத்தின் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். ஒரே விட்டம், ஒரே சுவர்த் தடிமன் உள்ள ஸ்டீல் குழாயையும் அலுமினியக் குழாயையும் வளைத்துப் பார்த்தால், அலுமினியம்தான் சுலபமாக வளையும், அதுவும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதை யங் குணகம் என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஸ்டீலுக்கு அது சுமார் 205 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்: ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். மூன்றில் ஒரு பங்கு எடை, மூன்றில் ஒரு பங்கு விறைப்பு. இப்படிப்பட்ட மென்மையான உலோகத்துக்கு முரடு என்ற பெயர் எப்படி வந்தது?

பதில் குழாயின் விட்டத்தில் இருக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட குழாயின் விறைப்பு, விட்டத்தின் மும்மடிப்படி ஏறும். எடையோ விட்டத்தோடு நேர்விகிதத்தில்தான் ஏறும். அதாவது விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. பழைய ஸ்டீல் சைக்கிளின் கீழ்க்குழாய் (ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்வாக இறங்கும் குழாய்) 28.6 மி.மீ. விட்டமும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சுவரும் கொண்டது. 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக 45 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. சுவரும் கொண்ட அலுமினியக் குழாயைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், எடை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, விறைப்போ இரண்டு மடங்காகிறது. முரட்டுத்தனம் உலோகத்தோடு பிறந்ததல்ல. வடிவமைத்தவர் அதை வேண்டுமென்றே சேர்த்தார்.

சேர்க்காமல் விட்டவர்களும் இருந்தார்கள். 1970களில் இத்தாலியின் ஆலன், அப்புறம் பிரான்ஸின் விட்டஸ் ஆகிய நிறுவனங்கள் ஸ்டீல் சைக்கிளைப் போலவே ஒல்லியான அலுமினியக் குழாய்களை இணைப்புகளில் ஒட்டிச் சட்டகம் (ஃபிரேம்) செய்தன. அவை இலகுவாகவும் மென்மையாகவும் இருந்தன. கனமான ஆள் ஏறி அழுத்தி மிதித்தால் பக்கவாட்டில் நெளிவது கண்ணுக்கே தெரியும் என்று பெயர் வாங்கின. அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1980களில் விட்டஸ் ஓட்டித்தான் பல பெரிய பந்தயங்களை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி நெளிந்தால் வேகம் போய்விடும் என்ற பயம் எவ்வளவு மிகையானது என்பதற்கு அவரே போதும். 1970களிலேயே அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன் பருத்த குழாய்களை வைத்துச் சோதனை செய்தார். 1983இல் கானன்டேல் நிறுவனம் பருத்த குழாய் அலுமினிய சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் ஓட்டும் அலுமினியச் சட்டகங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வழியில் வந்தவை.

பருத்த குழாய்க்கு எடை மட்டும் காரணமல்ல. இன்னொரு காரணம் எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது: உலோக அயர்ச்சி. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடும் அல்லவா? ஸ்டீலுக்கு ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு. அதற்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் நடைமுறையில் அது தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. சிறிய சுமையாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறும். பெடலை ஒவ்வொரு முறை மிதிப்பதும் ஒரு சுற்று, ஒவ்வொரு பள்ளமும் ஒரு சுற்று. எனவே சட்டகம் பல ஆண்டுகள் உழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் அது மிகக் குறைவாகவே வளைய வேண்டும். பொறியாளர் விறைப்பைக் கூட்டுவது ஆயுளையும் கூட்டத்தான்.

உலோகக் கலவையைப் பற்றி ஓரிரு வரி. சட்டகத்தில் ஒட்டியிருக்கும் 6061 என்ற எண் மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியத்தைக் குறிக்கும். 7005 என்றால் துத்தநாகமும் மெக்னீசியமும். வெல்டிங் செய்யும் சூடு 6061இன் வலிமையைக் கெடுத்துவிடும். அதனால் பற்றவைத்து முடித்தபின் முழுச் சட்டகத்தையும் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து வலிமையை மீட்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அலுமினியச் சட்டகத்தில் யாரும் சும்மா வெல்டிங் வைத்துவிடக் கூடாது. விரிசலை அடைத்தாற்போல் தெரியும், ஆனால் சுற்றியுள்ள பகுதி பலமிழந்து போயிருக்கும்.

சரி, விறைப்பான சட்டகம் கையில் இருக்கிறது. அதிர்வைக் குறைக்க என்ன செய்வது?

சாலைக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே வரிசையாக எத்தனை ஸ்பிரிங் இருக்கிறது என்று பாருங்கள். டயர், சக்கரம், சட்டகம், சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), சீட். வரிசையாகக் கோத்த ஸ்பிரிங்குகளில் மொத்த அமுங்கலைத் தீர்மானிப்பது எல்லாவற்றிலும் மென்மையானதுதான். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 25 மி.மீ. டயர் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அமுங்கும். சட்டகமோ முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் மேலிருந்து வரும் சுமைக்கு அசைந்து கொடுக்காது. ஸ்டீலோ அலுமினியமோ, செங்குத்தாக அது தரும் அமுங்கல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆக, சட்டகத்தை மாற்றி நீங்கள் பெறும் மென்மை மில்லிமீட்டரின் பின்னத்தில் நின்றுவிடும். டயரை மாற்றிப் பெறுவது முழு மில்லிமீட்டர்களில். புதுச் சட்டகத்துக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து நல்ல டயர் வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

முதலில் அகலம். டயர் உறையில் ஏற்படும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் டயரின் குறுக்குவெட்டு ஆரத்தையும் (அதாவது அகலத்தில் பாதியையும்) பெருக்கினால் கிடைக்கும். இதை மனதில் வைத்தால் ஒரு குழப்பம் தீரும். அகல டயர் போட்டும் சுகமில்லை என்பவர்கள் பெரும்பாலும் பழைய அழுத்தத்தையே அடித்திருப்பார்கள். ஆரம் கூடியதால் அதே அழுத்தத்தில் உறை இன்னும் இறுகித்தான் இருக்கும். 25 மி.மீ. டயரில் 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்தவர் 28க்கு மாறினால் 80, 32க்கு மாறினால் 70 என்று இறக்கினால்தான் பழைய இறுக்கமாவது கிடைக்கும். சுகம் வேண்டுமென்றால் அதற்கும் கீழே போக வேண்டும். பின்சக்கரத்தின் மேல்தான் எடை அதிகம் என்பதால் முன் டயரில் இன்னும் சில பிஎஸ்ஐ குறைக்கலாம்.

அழுத்தம் குறைந்தால் வேகம் போய்விடாதா? வழவழப்பான உருளையின் மேல் சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தால் அழுத்தம் ஏற ஏற உருளும் தடை குறைந்துகொண்டேதான் போகும். பல வருடம் எல்லோரும் டயரைக் கல்லாக அடித்ததற்குக் காரணம் இதுதான். உண்மையான சாலை வழவழப்பானதல்ல. கல்லாக இருக்கும் டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்கச் செலவான ஆற்றல் நம் தசையிலும் கொழுப்பிலும் குலுங்கி வெப்பமாகிவிடுகிறது, வேகமாகத் திரும்பி வருவதில்லை. அதனால் சாலையில் ஓர் எல்லைக்கு மேல் அழுத்தத்தைக் கூட்டினால் தடை ஏற ஆரம்பிக்கும். சாலை எவ்வளவு சொரசொரப்போ அந்த எல்லை அவ்வளவு கீழே இருக்கும்.

அகலத்தைவிட உறையின் தரம் இன்னும் முக்கியம். டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் மடங்கி, விலகும்போது நிமிர்கிறது. மடங்கச் செலவான ஆற்றல் முழுதும் நிமிரும்போது கிடைப்பதில்லை. தடித்த ரப்பரும் விறைத்த உறையும் அதிகம் விழுங்கும், மெல்லிய நூலாலான நெகிழ்ந்த உறை குறைவாக விழுங்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடலாம். உருளும் தடைக் குணகம் 0.006 ஆக இருக்கும் மட்டமான டயர் சுமார் 39 வாட் கேட்கும். 0.004 உள்ள நல்ல டயருக்கு 26 வாட் போதும். 13 வாட் மிச்சம். அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்க ஏறத்தாழ 110 வாட் ஆகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இது சின்ன லாபமல்ல. சாதாரண பியூட்டைல் டியூபை எடுத்துவிட்டு லேடெக்ஸ் போட்டாலும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓரிரு வாட் கிடைக்கும். ஆனால் லேடெக்ஸில் காற்று சீக்கிரம் கசியும், தினமும் பம்பை எடுக்க வேண்டும்.

எவ்வளவு அகலம் போகலாம் என்பதைச் சட்டகமும் பிரேக்கும்தான் முடிவு செய்யும். டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 4 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். டயரில் 28 என்று அச்சிட்டிருந்தாலும் அகலமான ரிம்மில் அது 30 வரைகூட விரியக்கூடும், ஆகவே அளந்து பாருங்கள். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, என்ற உச்சவரம்பை மீறக் கூடாது.

அடுத்து சீட் போஸ்ட். இங்கேயும் மும்மடிதான் விளையாடுகிறது, இந்தத் தடவை நமக்குச் சாதகமாக. இருக்கைக் குழாய் சுமார் 73 பாகை சாய்ந்திருப்பதால், நம் எடையில் ஒரு பகுதி போஸ்டைப் பின்னோக்கி வளைக்கிறது. வளைவின் அளவு, சட்டகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 20 செ.மீ. நீட்டியிருந்த போஸ்ட் 25 செ.மீ. நீட்டியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளையும். மேல்குழாய் சரிவாக இறங்கும் சட்டகங்கள் சுகமாக இருப்பதன் ரகசியம் இதுவே. விட்டமும் அப்படியே: சுவர் ஒன்றாக இருந்தால் 27.2 மி.மீ. போஸ்ட், 31.6 மி.மீ. போஸ்டைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதலாக வளையும். உங்கள் சட்டகம் 31.6 என்றால் இடைவெளியை நிரப்பும் ஒரு சிம் வளையம் வைத்து 27.2 போஸ்ட் போட வழியுண்டு. வளைவதற்கென்றே இழைகளை அடுக்கிச் செய்த கார்பன் போஸ்ட் இன்னும் நல்லது. போஸ்டில் குறித்திருக்கும் குறைந்தபட்ச உட்செருகல் கோட்டை மட்டும் தாண்டவே வேண்டாம்.

கைகளுக்கு? தடித்த ஹேண்டில்பார் டேப்பும் சரியான உயரமும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

எடையைக் குறைக்கும் மோகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மொத்தம் 80 கிலோவில் அரைக் கிலோ குறைத்தால், ஒரு மணி நேரம் ஏற வேண்டிய செங்குத்தான மலைப்பாதையில் 22 நொடி மிச்சமாகும். சமதளத்தில் வித்தியாசமே தெரியாது. சக்கரத்தில் குறைத்தால் பெரிய பலன் என்பார்கள். ரிம்மின் எடை சுழலவும் வேண்டும், முன்னே நகரவும் வேண்டும் என்பதால், வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய இரட்டை எடையாகக் கணக்காகும் என்பது உண்மைதான். ரிம்களில் 400 கிராம் குறைத்தால் 800 கிராம் குறைத்ததற்குச் சமம். மொத்த 80 கிலோவில் அது ஒரு சதவீதம். மலையில் சீரான வேகத்தில் ஏறும்போது அந்த இரட்டைக் கணக்கும் கிடையாது. எனவே சக்கரம் மாற்றுவது என் பட்டியலில் டயர், போஸ்ட், உடம்புக்குப் பொருந்தும் சீட் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வரும்.

பாகங்களை மாற்றும்போது அலுமினியத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே வியர்வையின் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் ஆக்சைடு, உலோகத்தைவிட அதிக இடம் அடைப்பதால் போஸ்ட் குழாய்க்குள் இறுகிப்போய், அசைக்கவே முடியாமல் போகலாம். கார்பன் போஸ்டுக்கு அதற்கென உள்ள பேஸ்ட்டையும் (ஒட்டும் பசை அல்ல) அலுமினிய போஸ்டுக்கு கிரீஸையும் தடவுங்கள். வருடத்தில் சில தடவை கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். போல்ட்டுகளுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் எழுதியிருப்பார்கள், கையால் இறுக்கும்போது அதைத் தாண்டிவிடுவது மிகச் சுலபம். குழாயின் நடுப்பகுதியில் சுவர் மிக மெல்லியது என்பதால் சட்டகத்தைப் பழுதுபார்க்கும் ஸ்டாண்டில் மாட்டும்போது குழாயைக் கவ்வாமல் போஸ்டைக் கவ்வவைக்க வேண்டும். வண்டியைக் கழுவும்போது வெல்டிங் ஓரங்களை, முக்கியமாகத் தலைக்குழாய்க்கு (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) பின்னாலும் பெடல் அச்சைச் சுற்றியும், விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அதிர்வைக் குறைத்தபின் அலுமினியத்தின் நல்ல குணம் மேலே வரும். எழுந்து நின்று மிதித்தால் பருத்த கீழ்க்குழாய் முறுக்கிக்கொள்ளாது. மிதித்த நொடியிலேயே வண்டி முன்னே பாயும் அந்த உணர்வு எனக்கு வேறு எதிலும் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்ததில்லை. இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி 1998 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது அலுமினிய பியாங்கி சைக்கிளில்தான், அதுவும் மலைகளில் எல்லோரையும் பின்னே விட்டுவிட்டு.

புது டயர் போட்டதும், நன்கு பழகிய ஒரு சாலையில், வளைவுகளும் கொஞ்சம் கரடும் இருக்கும் இடமாகப் பார்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 5 பிஎஸ்ஐ இறக்குங்கள். முதலில் கையில் இருக்கும் சிறு நடுக்கம் மறையும். அப்புறம் சொரசொரப்பான இடத்தில் வண்டி துள்ளுவது நிற்கும். இன்னும் இறக்கினால், வேகமாக வளையும்போது முன்சக்கரம் நழுவுவதுபோல் குழையும், அல்லது ஒரு பள்ளத்தில் ரிம் தட்டுவது காதில் விழும். அங்கிருந்து 5 பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். முன், பின் இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். உடம்பு எடை மாறினாலும் டயர் மாறினாலும் மறுபடி தேட வேண்டியிருக்கும்.