ஏஜென்ட்டுக்கு ஜோசியம் தெரியாது

ஏஐ ஏஜென்ட் (நமக்காக வேலை செய்யும் ஏஐ) கூப்பிடுவதற்காக எழுதிய ரீஃபண்ட் டூலில் 'அமவுண்ட்' என்று ஒரு பாராமீட்டர், அதாவது அது நிரப்பி அனுப்ப வேண்டிய மதிப்பு. வகை: எண். விளக்கம்: "தொகை". அவ்வளவுதான். 500 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றால் ஏஜென்ட் 500 என்று அனுப்புகிறது. பின்னால் இருக்கும் பேமென்ட் ஏபிஐ (பணம் அனுப்பும் சேவையோடு பேசும் இடைமுகம்) அதைப் பைசா என்று எடுத்துக்கொள்ள, வாடிக்கையாளர் கைக்குப் போவது 5 ரூபாய். உடனே "மாடல் சரியில்லை, வேறு மாடலுக்கு மாறலாம்" என்று மீட்டிங். எந்த மாடலை மாற்றினாலும் "தொகை" என்ற ஒரு சொல்லுக்குள் பைசா தெரியாது. பேமென்ட் சேவைகளான ரேசர்பே, ஸ்ட்ரைப் இரண்டும் சிறிய அலகில்தான் (ரூபாய் என்றால் பைசாவில்) தொகை கேட்கின்றன. போதாக்குறைக்கு, பைசா போன்ற சிறிய அலகு புழக்கத்தில் இல்லாத ஜப்பானிய யென்னுக்கு ஸ்ட்ரைப்பில் 500 என்றால் 500 யென்னேதான்! இதை எழுதி வைக்காமல் யாரைக் குறை சொல்வது?

"ஏஐ ஆச்சே, புரோகிராம் கோடைப் பார்த்துப் புரிந்துகொள்ளாதா?" என்று கேட்கிறார்கள். பார்க்காது. பார்க்கவே முடியாது. 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறையை (ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் பொது வழிமுறை) எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் மாடலுக்குக் கொடுப்பது டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன மதிப்பு, எந்த வகையில் என்ற பட்டியல்) போன்ற கொஞ்சம் உரை மட்டுமே. ஃபங்ஷனுக்குள் நீங்கள் எழுதிய கமென்ட் அதில் போகாது. டீமின் விக்கிப் பக்கம் போகாது. "அந்த ஃபீல்டைத் தொடாதே, பழைய கஸ்டமருக்கு வேறு மாதிரி" என்று டீக்கடையில் சீனியர் சொன்னதும் போகாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பக்கத்து சீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. நேற்று தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததையும், நீங்கள் எங்காவது எழுதி வைக்காவிட்டால், இன்று மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்கும். எழுதாமல் விட்ட இடத்தை அது காலியாக விடுவதில்லை. உலகத்தில் அதிகம் புழங்கும் வழக்கத்தை வைத்து நிரப்பிவிடும். உங்கள் சிஸ்டம் அந்த வழக்கத்தில் இல்லை என்றால் போச்சு.

தேதியும் இதே கதைதான். 03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு-மாதம்-நாள் என்று வடிவத்தைச் சொல்லி, 2025-04-03 என்று ஓர் உதாரணமும் கொடுங்கள். எந்த நேர மண்டலம் என்றும் எழுதுங்கள். சர்வர் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடினால், இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை "இன்றைய ஆர்டர்கள்" என்பது நேற்றையதாகிவிடும். ஐடி எண்களை எண்ணாக அல்ல, ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) வாங்குங்கள். 9007199254740991-ஐத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் கடைசி இலக்கங்கள் நம்பகமில்லை. 'ஐடி' என்று மொட்டையாக வேண்டாம். ஆர்டர் ஐடியா, கஸ்டமர் ஐடியா என்று பெயரிலேயே தெரியட்டும். நான்கே நான்கு ஸ்டேட்டஸ்தான் செல்லும் என்றால் நான்கையும் ஸ்கீமாவில் 'enum' (செல்லும் மதிப்புகளின் பட்டியல்) என்று கொடுங்கள்.

ஸ்வாகர் கோப்பை (ஏபிஐயில் உள்ள எல்லா அழைப்புகளின் விவரப் பட்டியல்) அப்படியே கொட்டி 80 எண்ட்பாயின்ட்டை (ஏபிஐ முகவரியை) 80 டூலாக மாற்றுவது சோம்பேறித்தனம். அத்தனை விளக்கமும் பொதுவாக, பயனர் வாய் திறப்பதற்கு முன்பே கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையில்) இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். 'கஸ்டமர் தேடு', 'கஸ்டமர் கண்டுபிடி', 'கஸ்டமர் பட்டியல்' என்று மூன்று இருந்தால் மனிதருக்கே குழப்பம். ஒன்றாக்குங்கள். முடியாவிட்டால், எப்போது கூப்பிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள்: "ஆர்டர் எண் கையில் இருந்தால் இந்தத் தேடல் வேண்டாம், ஆர்டர் விவர டூலைப் பயன்படுத்தவும்." இந்த ஒரு வரியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். "400 பேட் ரிக்வெஸ்ட்" என்று மட்டும் திருப்பினால் ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு மதிப்புகளை மாற்றி மாற்றிப் போடும். "தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது, இரண்டையும் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்" என்றால் அடுத்த அழைப்பிலேயே திருந்த வழி இருக்கிறது. அனுமதி இல்லாததற்கு வெறும் காலிப் பட்டியலைத் திருப்புவது இன்னும் மோசம். "அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை" என்று அது அடித்துச் சொல்லிவிடும்.

பணம், நீக்கம் தொடர்பான டூல்களில் தயவுசெய்து கவனம். பதில் தாமதமானால் ஏஜென்ட் மறுபடி அழைக்கும். ரீஃபண்ட் இரண்டு முறை போகும். ஒரே கோரிக்கைக்கு ஒரே சாவி (அடையாள எண்) என்று கேட்டு வாங்குங்கள்; அதே சாவி மறுபடி வந்தால் இரண்டாவது முறை பணம் அனுப்பாமல் விடலாம். "டைம்அவுட் வந்தால் முதலில் நிலையைச் சரிபார்க்கவும்" என்று விளக்கத்திலும் எழுதுங்கள். ஆனால் "நீக்கும் முன் பயனரிடம் கேட்கவும்" என்று விளக்கத்தில் எழுதுவது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. எம்சிபியில் 'டிஸ்ட்ரக்டிவ்' என்று கொடுக்கும் குறிப்பும் அப்படியே. பூட்டைக் கோடில் போடுங்கள்.

கமாண்ட் லைன் கருவி என்றால் ஒய்/என் (ஆம்/இல்லை) கேட்டு நிற்காதபடி ஒரு ஃபிளாக் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பத் தேர்வு) வையுங்கள்; இல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் அப்படியே தொங்கும். செய்யாமல் காட்ட மட்டும் ஒரு டிரை-ரன் இருக்கட்டும். ஹெல்ப் உரையில் ஒரு முழு உதாரணமாவது வேண்டும்.

எழுதியதைச் சோதிக்க, அந்த சிஸ்டத்தைத் தெரியாத ஒருவரிடம் விளக்கத்தையும் ஸ்கீமாவையும் மட்டும் கொடுத்து, பத்துக் கோரிக்கைகளுக்கு மதிப்புகளை நிரப்பச் சொல்லுங்கள். அவர் எங்கே கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. பிறகு ஏஜென்ட்டை ஓடவிட்டு லாகைப் (நடந்ததன் பதிவைப்) படியுங்கள். எந்த டூல், என்ன மதிப்பு, எத்தனை தடவை என்று.

கோடில் லிமிட் 50-லிருந்து 20 ஆகும், விளக்கத்தில் 50 என்றே கிடக்கும். இரண்டும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (கோட் மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கையில்) வராவிட்டால் அப்ரூவ் கொடுக்காதீர்கள்.