இ.இ.ஜி. படிக்கப் போகிறீர்களா? அளவு நாடா எடுக்கச் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள்

பாராமெடிக்கல் கவுன்சலிங் பட்டியலில் ‘பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி’ என்று ஒரு படிப்பு வரும். என்னவென்று தெரியாமலேயே பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., நரம்புகளையும் தசைகளையும் சோதிக்கும் என்.சி.எஸ்., இ.எம்.ஜி. ஆகியவற்றை எடுக்கப் பழக்கும் படிப்பு இது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் ஆகிய இடங்களிலும் இத்துறைக்குப் படிப்புகள் உண்டு. சேரும் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதச் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசின் சட்டம், துணை மருத்துவப் பணியாளராக ஏற்கப்பட இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 2,000 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இ.இ.ஜி. டெக்னாலஜிஸ்ட்டும் இருக்கிறார்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று மாதத்தில் இந்த வேலை கைக்கு வராது. தலையை அளப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூளையின் மின் அலைகளைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் சிறு உலோக வில்லைகள்தான் மின்முனைகள் (எலக்ட்ரோடு). அவற்றை எங்கே ஒட்டுவது என்பதற்கு, அளந்த நீளத்தை 10, 20 சதவீத இடைவெளிகளாகப் பிரிக்கும்படி 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த 10-20 முறைதான் இன்றும் அடிப்படை. மூக்கின் மேல்முனைக் குழியிலிருந்து பின்மண்டையில் தட்டுப்படும் எலும்பு முடிச்சு வரை நாடாவை வைக்கிறோம். 36 செ.மீ. வருகிறது என்றால், முதல் குறி 3.6 செ.மீ.யில், அடுத்தது 10.8-இல், உச்சி 18-இல். பிறகு ஒரு காதின் முன்பக்கக் குழியிலிருந்து மறு காதின் குழிக்கு அளந்து, அதன் பாதியும் அந்த உச்சிக் குறியும் ஒரே இடத்தில் வெட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகத் தலையின் சுற்றளவு. இடப்பக்க மின்முனைகளுக்கு ஒற்றைப்படை எண், வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை. காதுகளையும் சேர்த்து மொத்தம் 21 மின்முனைகள்.

கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக ஒட்டினால் என்ன ஆகும்? ஒரு பக்க மின்முனைகள் நெருங்கியும் மறுபக்கம் தள்ளியும் போய்விட்டால், நெருங்கிய பக்கத்தில் அலை சிறுத்துத் தெரியும். அந்தப் பக்க மூளையில்தான் கோளாறு என்று அறிக்கை எழுதப்பட இடமுண்டு. மின்முனைகள் முன்பே பொருத்தப்பட்ட தொப்பியை மாட்டி பட்டனை அழுத்துவதை மட்டும் கற்றுக்கொண்டவருக்கு இது பிடிபடாது.

அடுத்தது தோலும் மின்முனையும் சேரும் இடம். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடுதான் பாதிப் பேர் வருவார்கள். முதல் நாளே ஷாம்பு போட்டுக் குளிக்கச் சொல்ல வேண்டும். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். முடியைப் பிரித்து, ஜெல்லால் தோலை லேசாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்த பிறகு இம்பீடன்ஸை, அதாவது தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடையைப் பார்க்கிறோம். 5 கிலோ ஓமுக்குள் இருந்தால் நல்லது, 10-ஐத் தாண்டவே கூடாது. ஒரு மின்முனைக்கு மட்டும் கூடுதலாக இருந்தால் அங்கே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் ஏறும். உடனே, அந்த இரைச்சலை மட்டும் வடிகட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைக்காதீர்கள். அந்த மின்முனையைக் கழற்றித் திரும்ப ஒட்டுங்கள். பேஸ்ட்டை அள்ளி அப்பினால் பக்கத்து மின்முனையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒன்றாகி, அந்தக் கோடு தட்டையாகிவிடும்.

பதிவு ஓடும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கண் சிமிட்டினால் நெற்றி மின்முனைகளில் பெரிய அலை வரும். வியர்த்தால் கோடுகள் மெதுவாக ஏறி இறங்கும். ஒரு மின்முனையில் மட்டும் கூர்மையாக ஒன்று திரும்பத் திரும்ப வந்து, பக்கத்து மின்முனைகளில் அதன் சாயலே இல்லையென்றால், பெரும்பாலும் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது வயர் பழுதாக இருக்கும். அந்த நிமிடமே சரி செய்து, என்ன செய்தோம் என்பதைப் பதிவிலேயே குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால், வலிப்பே இல்லாத ஒருவர் பல ஆண்டுகள் வலிப்பு மாத்திரை விழுங்கும் நிலை வரலாம். இத்துறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

சாதாரணப் பதிவு குறைந்தது 20 நிமிடம். நடுவில் 3 நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வோம். சிறு பிள்ளைகளிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்தால் தானாக ஊதுவார்கள். அப்படி ஊதும்போது சட்டென்று நின்று வெறித்துப் பார்த்தால், திரையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனை அலைகள் வருகின்றனவா என்று பாருங்கள். அந்த நேரத்தில் “யானை” என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பிள்ளை தெளிந்ததும் “என்ன சொன்னேன் கண்ணா?” என்று கேட்க வேண்டும். பதில் தெரியவில்லை என்று குறிப்பில் எழுதினால், நினைவு தப்பியது டாக்டருக்கு உறுதியாகும். அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான இதய, நுரையீரல் நோயாளிகள் ஆகியோரை இப்படி மூச்சு விடச் சொல்லவே கூடாது. கண் முன்னே விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்யும் ஒளி மின்னல் சோதனையில் வலிப்புக்கான அலைகள் தலைகாட்டினால் விளக்கை உடனே நிறுத்திவிட வேண்டும்.

வலிப்பே வந்துவிட்டால் நேரத்தைக் குறித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிடுங்கள். வீடியோ பதிவு என்றால் போர்வையை விலக்கி, கேமராவை மறைக்காமல் நில்லுங்கள். உடன் வந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடி வருவார்கள். பல்லுக்கிடையே கரண்டி வைக்கவும் பார்ப்பார்கள். இரண்டையும் அன்பாகத் தடுக்க வேண்டும். இரும்பால் வலிப்பு நிற்காது, கரண்டியால் பல் உடையும்.

“ரிசல்ட் எப்படி இருக்கு?” என்று எல்லோரும் கேட்பார்கள். அறிக்கை நரம்பியல் மருத்துவர் தருவது. முகக்குறியால்கூட நாம் பதில் சொல்லிவிடக் கூடாது.

சேரும் முன் கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். மாணவர்கள் மின்முனைகளைத் தாங்களே அளந்து ஒட்டுகிறார்களா, தொப்பி மட்டுமா? பச்சிளங்குழந்தைக்கும் ஐ.சி.யூ. நோயாளிக்கும் படுக்கையருகே போய் எடுக்க அனுப்புகிறார்களா? என்.சி.எஸ்., ஒளி, ஒலி போன்ற தூண்டலுக்கு நரம்பு மண்டலம் தரும் மின் பதிலை அளக்கும் இவோக்டு பொட்டென்ஷியல், வீடியோ இ.இ.ஜி. மூன்றும் அங்கேயே நடக்கின்றனவா? இவற்றை அலுவலகத்தில் கேட்காதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் சீனியர்களிடம் கேளுங்கள்.