மான் வேட்டைக்குச் செம்புக் குண்டு: ஈயத்துக்கு மாற்று எப்படி வேலை செய்கிறது?

ரைஃபிள் தோட்டாவின் முனையில் உட்கார்ந்திருக்கும் குண்டு வெளியே செம்பு நிறத்தில் மின்னும். நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் நிறைந்திருக்கும். செம்பு வெறும் மேலுறை. அதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடையில் நிறத்தைப் பார்த்து "இது செம்புக் குண்டு" என்று வாங்கிவிடுகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சத்தியமங்கலமானாலும் ஆனைமலையானாலும் புள்ளிமான்மீது துப்பாக்கியை நீட்ட யாருக்கும் உரிமை இல்லை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வெளிநாடு போய்க் குடியேறி, அந்த ஊர்ச் சட்டப்படி உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இந்த விவரங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு உயிரை வேட்டையாடவும் ஈயக் குண்டு கூடாது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிளுக்கும் ஈயத்தைத் தடை செய்துவிட்டது.

ஈயம் மென்மையானது, கனமானது. நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போய் மானின் உடம்பில் மோதியதும் முனை நசுங்கி அகலும், உறை கிழியும், ஈயம் சிதறும். காயம் பெரிதாவதற்கு இந்தச் சிதறலும் ஒரு காரணம் என்பதால்தான் வேட்டைக்காரர்கள் அதை இத்தனை காலம் விரும்பினார்கள். ஆனால் சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், குண்டு போன பாதையைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பல துகள்கள் மணலைவிடச் சிறியவை. கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் படாது. குண்டு போன பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளியும் அவை கிடக்கும். காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கறியை வெட்டி எறிந்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு.

நம் சமையலுக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. ஈயத் துகள் புளிப்பில் கரையும். தயிர், எலுமிச்சை, வினிகரில் ஊறவைத்தாலோ புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாலோ கறியிலிருந்து உடம்புக்குப் போகும் ஈயம் கூடும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது.

காட்டில் விட்டுவரும் குடலையும் எச்சத்தையும் தின்கிற பறவைகளின் நிலை இன்னும் மோசம். பிணந்தின்னிக் கழுகின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. எலும்பையே கரைக்கும் அந்த அமிலத்துக்கு ஈயம் எம்மாத்திரம்? கரைந்த ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பையும் குடலின் அசைவையும் முடக்கும். இரை நிறைய இருந்தும் செரிக்காமல் பறவை பட்டினியாகச் சாகும். 1982-இல் உலகத்தில் வெறும் 22 எண்ணிக்கைக்குச் சுருங்கிப்போன கலிபோர்னியா காண்டர் என்ற பிணந்தின்னிக் கழுகை வளர்த்து மீண்டும் வானில் விட்ட பிறகும், அதைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் ஈயத்துக்குத்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் நம் வெண்முதுகுப் பாறுகளை அழித்தது வேறு நஞ்சு: மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி ஊசி. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நஞ்சு வேறானாலும் அது பறவைக்குப் போய்ச் சேரும் வழி ஒன்றே, செத்த விலங்கின் உடல்.

இனி மாற்று. முழுக்கச் செம்பாலான குண்டு 1980-களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனத்தின் வழியாகப் பரவலானது. இப்போது ஹார்னடி, ஃபெடரல், நாஸ்லர் எல்லாமே செய்கின்றன. கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்குச் செம்பின் குணம் கைப்பழக்கம்: வளையும், முறுக்கும், சட்டென்று ஒடியாது. அந்தக் குணத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். குண்டின் மூக்கில் ஆழமாக ஒரு குழி. உடம்பில் நுழைந்ததும் ஈரத் திசு அந்தக் குழிக்குள் பெரும் அழுத்தத்துடன் புகுந்து, சுவரை உள்ளிருந்து பிளக்கும். சுவர் நான்கு இதழாகப் பின்னோக்கி விரியும். இதழ்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே இருப்பதால், நல்ல செம்புக் குண்டு வெளியே வரும்போதும் தன் எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும். அப்படியே ஒரு இதழ் ஒடிந்து கறியில் தங்கினாலும் அது கண்ணில் படும் துண்டு.

இங்கேதான் கவனம் தேவை. ஈயம் மெதுவாகப் போனாலும் நசுங்கும். செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும். பல வகைகளுக்கு இலக்கைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 600 மீட்டராவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குழி திறக்காது. குண்டு ஊசியாகத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மான் ஓடும், ரத்தத் தடம் இருக்காது. "செம்பு வேலைக்காகாது" என்ற புகாரில் பாதி இப்படித் தவறான தூரத்தில் சுட்டதால் வருவது. .308 அளவுத் தோட்டாவில் 150 கிரெயின் குண்டு, அதாவது 9.7 கிராம், குழலைவிட்டு நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் 400 கஜத்தை ஒட்டி இந்த எல்லைக்கு வந்துவிடும். குழல் குட்டையாக இருந்தால் இன்னும் முன்பே. பெட்டியிலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ குறைந்தபட்ச வேகம் போட்டிருக்கும். அதைப் பார்த்து, உங்கள் துப்பாக்கிக்கு எவ்வளவு தூரம் வரை சரி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எடையைத் தேர்ந்தெடுப்பதிலும் பழைய கணக்கு உதவாது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 8.96. ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும்; குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் குண்டு ஆடி, இலக்கு அட்டையில் பக்கவாட்டு ஓட்டை விழும். ஒருபடி இலேசாக எடுங்கள்: .308-இல் 180 கிரெயின் ஈயம் போட்டவர் 150 அல்லது 165 செம்பு, .270-இல் 150 போட்டவர் 130. எடை குறைந்தால் வேகம் கூடும், அது விரிவதற்கும் உதவும். எடை சிதறிப் போவதில்லை என்பதால் உள்ளே ஊடுருவுவதிலும் குறை வராது.

ஈயம் சுட்ட குழலில் அப்படியே செம்பைப் போட்டால் குறி கலையும். பழைய குண்டின் மேலுறை விட்டுப்போன செம்புக் கறையைக் கரைக்கும் திரவத்தால் தேய்த்து, துணியில் நீல நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு நாலைந்து தோட்டா சுட்டுக் குழலைப் பழக்கி, அதற்கப்புறம் குறி பாருங்கள். இரண்டு மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் மும்மூன்றாகச் சுட்டு, ஐந்து சென்டிமீட்டருக்குள் விழுவதை வைத்துக்கொள்ளலாம். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவந்தது அதே மாடல் இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போவது சாதாரணம். 150 கிரெயின் .308, 100 கஜத்தில் குறிக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே பட்டால், 200 கஜத்தில் ஏறக்குறைய நேராக இருக்கும். தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள் குண்டைத் திருகுவரி தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்துச் சோதனையைத் தொடங்கலாம். முட்டும்படி வைத்தால் அழுத்தம் எகிறும்.

சுடும்போது முன்சப்பையை ஒட்டி நெஞ்சில் குறி வையுங்கள். செம்பு எலும்பை உடைத்துக்கொண்டும் நேராகப் போகும், அதுதான் அதன் பலம். அதே காரணத்தால் பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறும். மானுக்குப் பின்னால் இன்னொரு மான் நின்றால் சுடாதீர்கள்.

நம் ஊருக்கு இந்தக் கணக்கு தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் தோட்டம் புகும் காட்டுப்பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுட 2025-இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. ஆனால் இந்தியாவில் பழக்கமான .315 ரைஃபிளில் செம்பைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அது 19-ஆம் நூற்றாண்டின் மான்லிகர் ராணுவத் தோட்டாவின் வாரிசு. மூல வடிவில் 244 கிரெயின் கனமான குண்டு, வேகம் நொடிக்குச் சுமார் 620 மீட்டர். அந்த வேகத்தில் 600 வேண்டும் என்கிற செம்புக் குண்டு சில பத்து மீட்டரிலேயே விரியும் தகுதியை இழக்கும். குறைந்த வேகத்தில் திறக்கும்படி குழியை அகலமாகக் கடைந்த குண்டுதான் அதற்குச் சரிவரும். அது கைக்கு வரும்வரை, ஈயத்தால் சுட்ட பன்றியைக் குடலோடு சேர்த்து, நாயோ நரியோ தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.