டிரெய்னியா, அப்ரெண்டிஸா? ஒப்பந்த எண்ணைப் பாருங்கள்

ஒரகடத்திலோ அம்பத்தூரிலோ ஒரு கம்பெனியில் சேரும்போது கையில் தரும் தாளில் ‘டிரெய்னி’ என்று இருக்கும். உள்ளே போனால் எல்லோரும் ‘அப்ரெண்டிஸ்’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும் பெயரால் எந்த உரிமையும் வந்துவிடாது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அது அரசு இணையதளத்தில் பதிவாகி, ஒப்பந்த எண் கிடைத்தால்தான் அப்ரெண்டிஸ். அந்த எண் இல்லாமல் ஒரு வருஷம் மெஷினில் நின்றாலும் கடைசியில் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வராது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவக் கடிதம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் நிறுவனமும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார். கையெழுத்தான 7 நாள்களுக்குள் அந்த விவரத்தை நிறுவனம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகர், ஆட்சேபம் இருந்தால் 15 நாளில் தெரிவிப்பார். பதிவை 30 நாளில் முடிக்க வேண்டும். எனவே சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியும் ‘இன்னும் பிராசஸில் இருக்கிறது’ என்றே பதில் வந்தால், இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கில் நீங்களே நுழைந்து பாருங்கள். ஒப்பந்தம் அங்கே தெரியவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டிய நேரம் அது.

எந்த வாசலில் நுழைவது என்பதைப் படிப்பு தீர்மானிக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ‘அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா’ தளத்தில் பதிய வேண்டும். இந்த வழிக்குப் பெயர் நாப்ஸ் (NAPS), அதாவது தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். 2016 ஆகஸ்டில் தொடங்கியது. டிப்ளமோ, பொறியியல் முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் நாட்ஸ் (NATS), அதாவது தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளம். தென் மாநிலங்களில் இதைக் கவனிப்பது தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். மாநகரப் போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு நிறுவனங்கள் டிப்ளமோ, பட்டதாரி அப்ரெண்டிஸ்களை எடுக்கும்போது இந்த வழியாகத்தான் எடுக்கின்றன. இரண்டு தளத்திலும் விண்ணப்பிப்பவருக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அவர் தரகர்.

நாட்ஸில் பலர் தவறவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் தகுதி போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை இந்தப் பயிற்சி முடித்தவரும் மறுபடி சேர முடியாது. ‘முதலில் கிடைத்த வேலையில் கொஞ்ச நாள் இருப்போம், அப்ரெண்டிஸ்ஷிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

பதிவில் தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரால். மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வராஜ்’, வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருந்தால் நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். இனிஷியலை எப்படி எழுதுவது என்பதை முதலில் ஆதாரில் சரிசெய்துகொண்டு பிறகு பதிவுக்குப் போங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. அரசின் பங்கு ஆதார் வழியாக நேரடியாக வருகிறது. கணக்கோடு ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. ஆதார் வழிப் பணம் வந்து சேரும் கணக்காக அது இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு உள்ளவருக்குப் பணம் மறந்துபோன பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். வங்கிக் கிளையில் கேட்டால் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

உதவித்தொகை எவ்வளவு?

2019 செப்டம்பரில் திருத்திய விதிகளின்படி மாதக் குறைந்தபட்சம் இது: ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாவதுக்கு 6,000, பன்னிரண்டாவதுக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூடும். இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தி 6,800 முதல் 12,300 வரை ஆக்கலாம் என மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஆகவே கையெழுத்திடும் நாளில் தளத்தில் நடப்பில் உள்ள தொகையைப் பார்த்து, ஒப்பந்தத்தில் அதே தொகை இருக்கிறதா என்று சரிபாருங்கள். இது குறைந்தபட்சம்தான், கூடுதலாகக் கொடுக்கத் தடையில்லை.

பணம் இரண்டு துண்டாக வருவதால் குழப்பம் வரும். நாப்ஸில் குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் உச்சவரம்போடு, அரசு தருகிறது. ஐ.டி.ஐ. முடித்தவரின் 7,000 ரூபாயில் கால் பங்கு 1,750. உச்சவரம்பால் அது 1,500 ஆகும். மீதி 5,500ஐ நிறுவனம் போட வேண்டும். ‘5,500தானே வந்தது, பிடித்துவிட்டார்களா’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நாட்ஸில் அரசின் பங்கு குறைந்தபட்சத் தொகையில் பாதி. நிறுவனம் தன் பங்கைக் கொடுத்து அந்த விவரத்தைத் தளத்தில் ஏற்றிய பிறகே அரசுப் பங்கு நகரும். அங்கே தாமதித்தால் உங்களுக்கும் தாமதம். உதவித்தொகையை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி.

சட்டத்தின் 18வது பிரிவு அப்ரெண்டிஸைப் பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது. தொழிலாளி என்று சொல்லவில்லை. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, அந்தப் பிடித்தமும் இருக்கக் கூடாது. ஆனால் வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் 16வது பிரிவின்படி இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. பாதுகாப்பு, சுகாதாரம், கேன்டீன் போன்ற நலவசதிகளும் மற்றத் தொழிலாளர்களுக்குப் போலவே பொருந்தும். ‘நீ அப்ரெண்டிஸ்தானே’ என்று சேஃப்டி ஷூவோ கண்ணாடியோ தராமல் கிரைண்டிங் மெஷினில் நிறுத்துவது விதிமீறல். ஒப்பந்தமும் இல்லை, பி.எஃப்.உம் இல்லை, ஆனால் முழு ஷிஃப்ட் உற்பத்தி வேலை என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்த ‘டிரெய்னி’ இரண்டு பக்கத்திலும் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார். தன்னைத் தொழிலாளியாக நடத்த வேண்டும் என்று தொழிலாளர் துறையிடம் கேட்க அவருக்கு இடமுண்டு.

ஷிஃப்டில் எது நடக்கலாம், எது கூடாது

வேலை நேரத்தை நிறுவனமே தீர்மானிக்கலாம் என்று 2014 திருத்தம் சொல்லிவிட்டது. ஓவர்டைமுக்கு மட்டும் ஆலோசகரின் அனுமதி வேண்டும். பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ அது தேவை என்று தெரிந்தால்தான் அவர் அனுமதி தர முடியும். ‘ஆர்டர் அவசரம், ஞாயிறு வந்துவிடு’ என்பது அந்தக் காரணத்தில் சேராது. அந்த நிறுவனத்தில் நடைமுறையில் உள்ள விடுப்பும் விடுமுறையும் உங்களுக்கும் உண்டு.

அதிகம் பேசப்படாத 13வது பிரிவு முக்கியமானது: அப்ரெண்டிஸுக்குப் பீஸ் கணக்கில் பணம் தரக் கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேர்க்கவும் கூடாது. காரணம் எளிது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் கற்றுக்கொள்வது நின்றுபோய், கை ஒரே வேலையில் ஓட ஆரம்பித்துவிடும். பிட்டராகச் சேர்ந்தவர் ஒரு வருஷம் முழுக்க ஒரே ஸ்டேஷனில் போல்ட் முறுக்கினால் சட்டம் சொல்லும் பயிற்சி நடக்கவில்லை என்றே பொருள். பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் போடுவது ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். தொகை சிறியது, அதை உயர்த்த வேண்டும். ஆனாலும் புகாருக்கு அதுதான் பிடிமானம்.

அந்தப் பிடிமானம் நிற்பதற்கு டைரி வேண்டும். எந்தத் தேதியில் எந்தப் பிரிவில், எந்த மெஷினில், யாருடைய மேற்பார்வையில் என்ன செய்தீர்கள் என்று தினமும் இரண்டு வரி எழுதி, சூப்பர்வைசரிடம் வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். டிப்ளமோ, பட்டதாரி அப்ரெண்டிஸ்களுக்கு இது கடமையே. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் டிரேடின் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதம் எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிடுங்கள். மூன்றாம் மாதத்தில் கேட்டால் அதற்குள் லைனில் உங்களை நம்பி ஒரு இடம் உருவாகியிருக்கும், விட மாட்டார்கள்.

பாதியில் நல்ல வேலை கிடைத்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். தளத்தில் ஒப்பந்தம் திறந்தே கிடக்கும், இன்னொன்று போட முடியாது. தவறு உங்கள் பக்கம் என்றால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கவும் 7வது பிரிவு இடம் தருகிறது. ஆலோசகருக்கு விண்ணப்பித்து முறைப்படி முடித்துக்கொள்ள வேண்டும். தவறு நிறுவனத்துடையது என்றால் இழப்பீடு தர வேண்டியது அவர்கள். அசல் மார்க் ஷீட்டை ‘பாண்டு’ என்று வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. நகல் மட்டும் கொடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் இயங்கும் தனியார் நிறுவனம் என்றால் மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. அதன் தலைமை அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனம் மத்திய அரசின் கீழ் வரும். நாட்ஸ் வழிச் சேர்ந்தவர்களுக்குத் தரமணி வாரியம். எழுத்தில் கொடுங்கள், ஒப்பந்த எண், டைரி நகல், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் இணையுங்கள். ஆலோசகரின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் தவிர, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அப்ரெண்டிஸ்களை வேலைக்கு எடுப்பதற்கு அதற்கென ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்று 22வது பிரிவு சொல்கிறது. சேரும்போதே அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு, ரயில்வேயின் லெவல் 1 (தொடக்கநிலை ஊதியப் பணிகள்) நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்களில் முன்னுரிமை உண்டு. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தை நிரப்பச் சான்றிதழ் எண் கையில் இருக்க வேண்டும்.