பூநாரையின் கண்ணுக்கு எத்தனை பிக்சல்?

மார்கழி, தை மாதங்களில் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் விடிந்ததுமே வண்டிகள் ஓரங்கட்டி நிற்கத் தொடங்கிவிடும். சாலைக்கு இரண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி. ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வந்தவர்கள் ஸ்டாண்டை விரித்து நீளமான லென்ஸை மாட்டுவார்கள். ஆரம்பாக்கம், தடா பக்கத்துப் பையன்கள் ஃபோனிலேயே எடுத்துக்கொண்டிருப்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்த அந்தப் பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "அண்ணா, உங்க கேமரா எத்தனை மெகாபிக்சல்?"

61 என்பார் ஒருவர். பையன் தன் ஃபோன் 200 என்பான். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பூநாரையின் கண் யார் படத்தில் தெளிவாக விழும் என்பதை இந்த எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. பறவைக்கும் படத்துக்கும் நடுவில் காற்று, லென்ஸ், ஒளியைப் பதிவு செய்யும் பரப்பு என்று மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் நுணுக்கத்தை எடுத்துக்கொள்கிறது. மெகாபிக்சல் என்பது கடைசிப் படியின் கணக்கு மட்டும்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பறவை 300 மீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் 500 மி.மீ. கேமரா 61 மெகாபிக்சல், சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் பரப்பு) 36×24 மி.மீ., ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரோமீட்டர். அப்படியானால் ஒரு பிக்சலுக்குள் பறவையின் உடம்பில் சுமார் 2.3 மி.மீ. அடங்கும். 1.3 மீட்டர் உயரமுள்ள பூநாரை, 6,300 பிக்சல் உயரமுள்ள படத்தில் 575 பிக்சல் உயரத்துக்குத்தான் நிற்கும். கண் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது நான்கு பிக்சல்.

அந்த நான்கும் முழுசாகக் கிடைப்பதில்லை. ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது. சின்ன வட்டமாகத்தான் அது விழும். அபர்ச்சர் எண்ணை, அதாவது லென்ஸின் திறப்பு எவ்வளவு சின்னது என்று சொல்லும் எஃப் எண்ணை, ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, அதை 2.44-ஆல் பெருக்கினால் அந்த வட்டத்தின் விட்டம் வந்துவிடும். பச்சை ஒளிக்கு, எஃப் 8-ல், சுமார் 10.7 மைக்ரோமீட்டர். அதாவது ஏறக்குறைய மூன்று பிக்சல் அகலம். இதை எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது.

ஃபோனுக்கும் இதே விதிதான். 200 மெகாபிக்சல் ஃபோன் சென்சாரில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரோமீட்டர். எஃப் 1.7 லென்ஸ் உருவாக்கும் ஒளி வட்டமோ 2.3 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளியின் ஒளி நான்கு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்போது, பிக்சலை இன்னும் பொடியாக்கினால் விவரம் கூடாது. அதனால்தான் இந்த ஃபோன்கள் சாதாரணமாகப் பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. இது ஏமாற்று வேலை இல்லை. அந்தச் சிறிய லென்ஸுக்கு அதுதான் நியாயமான அளவு.

அப்புறம் காற்று. வெயில் ஏறியதும் ஏரியின் சேறு சூடாகி, மேலே இருக்கும் காற்று வெவ்வேறு வெப்பநிலையில் நெளியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் பறவையின் கழுத்தே படத்தில் நடுங்கும். அந்த நேரத்தில் எந்த விலைக் கேமராவை மாட்டினாலும் நடுக்கம்தான் பதியும். ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள் என்று பறவைப் படக்காரர்கள் சொல்வதில் வெளிச்சத்தின் அழகு பாதி, இந்தக் காரணம் பாதி.

சரி, இதே லென்ஸின் பின்னால் ஃபிலிம் இருந்தால் என்ன ஆகும்?

ஃபிலிமில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் அளவு. ஒளி பட்டதும் படிகத்துக்குள் எலக்ட்ரான் விடுபட்டு, வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. இப்படி ஒரே இடத்தில் நாலைந்து அணுக்கள் சேர்ந்தாலே போதும். டெவலப்பர் கரைசலில் போட்டவுடன், பல நூறு கோடி அயனிகள் கொண்ட அந்தப் படிகம் முழுவதும் கருத்த வெள்ளியாக மாறிவிடும். அணுக்கள் சேராத படிகங்களை ஹைப்போ என்ற அடுத்த கரைசல் கரைத்து எடுத்துவிடும். நாலு அணுவில் விழுந்த குறிப்பை நூறு கோடி மடங்குக்கு வளர்க்கும் இந்த வேதியியல், மனிதர் கண்டுபிடித்தவற்றிலேயே மிக அழகான ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ஒரு படிகத்துக்கு இரண்டே நிலைகள்தான் என்பது. ஒன்று கருக்கும், இல்லையென்றால் கரைந்து போகும். பாதிக் கருப்பு என்பது அதற்குக் கிடையாது. ஆக, ஃபிலிமில் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறையப் படிகங்களில் எத்தனை கருத்திருக்கின்றன என்ற சராசரிதான் சாம்பலாகத் தெரியும். சென்சாரின் பிக்சல் அப்படி வேலை செய்வதில்லை. 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல் ஒன்று சுமார் 50,000 எலக்ட்ரான் வரை சேர்த்து எண்ணும். வெளிர் ரோஜாவுக்கும் அதைவிடக் கொஞ்சம் வெளிர் ரோஜாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒற்றைப் பிக்சலே சொல்லிவிடும். ஃபிலிமில் அதே வித்தியாசத்தைச் சொல்ல ஒரு கூட்டமே வேண்டும்.

அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. பிக்சல்கள் புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல் நிற்கின்றன. படிகங்களோ கை போன போக்கில் தூவிய கோலமாவு. இதன் விளைவு எங்கே தெரியும் என்று பிறகு பார்க்கலாம்.

ஃபிலிமின் பிரிதிறனை ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்டுகிறது என்று அளப்பார்கள். கருப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி சேர்ந்தது ஒரு இணை. ஃபுஜியின் வெல்வியா 50 ஃபிலிமுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த கணக்கு இது: கோடுகளுக்கு நடுவே ஒளி வேறுபாடு ஆயிரத்துக்கு ஒன்று என்று இருந்தால் 160 இணைகள், 1.6-க்கு ஒன்று என்று இருந்தால் 80. பூநாரையின் இறகில் நாம் தேடும் வேறுபாடு இரண்டாவது வகை. பளிச்சென்ற கருப்பு வெள்ளைக் கோடுகள் பறவை மேல் கிடையாது. ஆகவே 80-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு இணைக்கு இரண்டு பிக்சல் வேண்டும் என்ற கணக்கில் 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃபிரேம் 5,760×3,840, அதாவது 22 மெகாபிக்சல். லென்ஸ் எடுத்துக்கொள்வது, கை நடுக்கம், படிகச் சிதறல் எல்லாம் போக இதில் பாதி கிடைத்தாலே நல்ல படம். 35 மி.மீ. அளவில் டிஜிட்டல் ஃபிலிமைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபிலிமின் உண்மையான பலம் பரப்பில் இருந்தது. 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் படம் விழும் இடம் ஏறக்குறைய 120×95 மி.மீ., 35 மி.மீ. ஃபிரேமைப் போல 13 மடங்கு. மில்லிமீட்டருக்கு 40 இணைகள் என்று குறைத்தே வைத்தாலும் 73 மெகாபிக்சல் வருகிறது. 60 இணைகள் கிடைத்தால் 164. இன்று ஸ்டூடியோக்களில் இருக்கும் ஃபேஸ் ஒன் 150 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் 53×40 மி.மீ. இரண்டும் ஒரே களத்தில் நிற்கின்றன. அப்படியென்றால் 8×10 ஃபிலிம் இன்னும் நான்கு மடங்கா என்றால், இல்லை. ஃபிலிம் பெரிதாகப் பெரிதாக லென்ஸின் குவியத்தூரமும் நீள வேண்டும். அருகிலிருந்து தூரம்வரை எல்லாம் தெளிவாக விழ அபர்ச்சரை எஃப் 45 வரை மூட வேண்டியிருக்கும். அங்கே ஒளி விளிம்பில் வளைவதாலேயே மில்லிமீட்டருக்கு 40 இணைகளோடு எல்லாம் மங்கி முடிந்துவிடும். பரப்பு கொடுத்ததில் பெரும்பங்கை இயற்பியல் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் இருந்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள 120 ரோல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் 56 மி.மீ. சதுரம். ஆரம்பாக்கம் பக்கத்தில், தமிழிலும் தெலுங்கிலும் போர்டு எழுதிய பழைய ஸ்டூடியோ ஒன்றில் எழுபதுகளில் எடுத்த ஒரு பள்ளிக் குரூப் போட்டோவின் நெகட்டிவைப் பார்க்கக் கிடைத்தது. லைட் பாக்ஸில் வைத்து லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை) கண்ணில் ஒட்டிக்கொண்டு பார்த்தால், முன் வரிசையில் பையன் பிடித்திருக்கும் சிலேட்டில் வகுப்பும் பிரிவும் சாக்பீஸால் எழுதியது தலைகீழ் நிறத்தில் தெளிவாக இருந்தது. அதே படத்தின் பிரிண்டில் சிலேட் வெறும் கருப்புக் கட்டம். இது மாயம் இல்லை. மில்லிமீட்டருக்கு 50 இணைகள் என்று வைத்தால் அந்த ஃபிரேம் 31 மெகாபிக்சல். எட்டு மீட்டர் அகலத்துக்கு நின்ற வரிசையில் ஒரு பிக்சலுக்கு 1.4 மி.மீ. வருகிறது. சாக்பீஸ் கோட்டுக்கு அது தாராளம்.

இன்னொன்றும் தெரிந்தது. தலைமை ஆசிரியரின் கன்னத்தில் பொடிப் பொடியாகப் பென்சில் கோடுகள். "அது அப்பா போட்ட டச்சிங் சார்" என்றார் கடைக்காரர். சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைக்க, கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மருந்துப் பக்கத்திலேயே, அதாவது ஜெலட்டின் பூச்சு இருக்கும் பக்கத்திலேயே, வரைவார்களாம். இவ்வளவு பெரிதாக யாரும் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் ஒரு கோடுகூடக் கன்னத்தின் விளிம்பைத் தாண்டவில்லை.

கோலப் புள்ளிக்கு வருவோம். வரிசையாக நிற்கும் பிக்சல்கள் முன்னால், கிட்டத்தட்ட அதே இடைவெளியில் வரிசையாக இன்னொரு பொருள் வந்தால் வம்பு. பழவேற்காட்டில் காயப்போட்ட மீன்வலையைத் தூரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். வலையில் இல்லாத பட்டைகளும் வளைவுகளும் படத்தில் ஓடும். வெங்கடகிரிச் சேலையின் நெருக்கமான நெசவிலும் அதேதான். கூடவே வானவில் நிறமும் சேர்ந்துகொள்ளும். அதற்குக் காரணம் நிற வடிகட்டி. கோடாக்கில் பிரைஸ் பேயர் உருவாக்கி 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தை மட்டும் அளக்கிறது. பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மீதி இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்ளும். ஃபிலிமில் மூன்று நிற அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் இந்த ஊகம் தேவையில்லை. தாறுமாறாகச் சிதறிய படிகங்களில் பொய்ப் பட்டைகளும் உருவாவதில்லை. நுணுக்கம் தீரும் இடத்தில் ஃபிலிம் மெதுவாக மங்குகிறது, டிஜிட்டல் இல்லாததைக் காட்டுகிறது. ஃபிலிம் படம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதில் பழைய நினைவின் பங்கு இருக்கலாம். இந்த அளவுக்கு அதில் இயற்பியலும் இருக்கிறது.

ஆனாலும் வானியல்காரர்கள் யோசிக்காமல் ஃபிலிமை விட்டார்கள். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் பதிவு செய்த தட்டுகளும் ஃபிலிம்களும் பெரும் செல்வம். இருந்தும் விழுகிற நூறு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஃபிலிமுக்குப் பயன்படுவது ஓரிரண்டுதான். பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969-ல் உருவாக்கிய சிசிடி என்ற மின்னணு சென்சார், இன்றைய வடிவத்தில் எண்பதுக்கு மேல் பிடிக்கிறது. மங்கலான விண்மீனைத் தேடுகிறவர்களுக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். அந்தக் கண்டுபிடிப்புக்கு 2009-ல் நோபல் பரிசும் வந்தது.

விண்ணிலிருந்து பூமியைப் பார்த்தவர்கள் ஃபிலிமைக் கைவிடுவதற்கு இன்னும் நடைமுறையான காரணம் இருந்தது. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை ஃபிலிமில் படமெடுத்து, சுருளைக் குப்பியில் வைத்துப் பாராசூட்டில் கீழே அனுப்பின. அதை நடுவானிலேயே விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். கடைசிக் காலத்தில் தரையில் சுமார் 2 மீட்டர் பொருள்வரை பிரித்துக் காட்டிய அருமையான ஃபிலிம் அது. ஆனால் சுருள் தீர்ந்தால் செயற்கைக்கோளின் வேலையும் தீர்ந்தது. பூநாரைகள் மேயும் இதே ஏரிக்கு அக்கரையிலிருந்து 2019 நவம்பர் 27 அன்று போன இந்தியச் செயற்கைக்கோள் கார்டோசாட்-3, 25 செ.மீ. பொருளைப் பார்க்கிறது. அதற்குச் சுருளும் தேவையில்லை, பாராசூட்டும் தேவையில்லை.

இன்று மிகப் பெரிய படங்கள் ஒரே கிளிக்கில் வருவதில்லை, துண்டு துண்டாக எடுத்துத் தைக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து இணைத்து, 71,700 கோடி பிக்சல் கொண்ட ஒரே படமாக 2022-ல் வெளியிட்டது. ஒரு பிக்சலுக்கு 5 மைக்ரோமீட்டர். ஓவியம் அசையாது என்பதால் இது முடிந்தது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளின் செதுக்கல்களை இப்படி எடுக்கலாம், உப்புக் காற்று அரிக்கும் முன்பே எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பூநாரையிடம் இது பலிக்காது.

வீட்டில் நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி உதவும். லைட் பேனல் மேல் நெகட்டிவை மருந்துப் பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து, மேக்ரோ லென்ஸில் (மிக அருகில் இருப்பதை எடுக்கும் லென்ஸில்) எஃப் 8 போட்டு, கேமராவை ஸ்டாண்டில் செங்குத்தாகக் கட்டி எடுக்கலாம். 61 மெகாபிக்சல் கேமராவில் 56 மி.மீ. சதுரத்தை ஒரே கிளிக்கில் எடுத்தால் மில்லிமீட்டருக்கு 113 பிக்சல், அதாவது 56 இணைகள். பழைய ஸ்டூடியோ லென்ஸ்கள் கொடுத்ததற்கு இது போதும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் நான்கு துண்டாக எடுத்து இணைத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகும் நெகட்டிவைப் பத்திரமாக வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகிதக் கவர் போதும், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். ஏரியோர ஊர்களின் ஈரத்திலும் வெக்கையிலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அந்த ரோல்களைத் தனியாக எடுத்து வைத்து, அவற்றை முதலில் படமெடுங்கள். ஒன்றிலிருந்து கிளம்பும் ஆவி மற்றதையும் கெடுக்கும்.